ஆறாம் நம்பர்

காட்டுப்பன்னிக்கு எந்தத் தோட்டா போடணும் என்று கெங்குவார்பட்டியில் லைசென்சுத் துப்பாக்கி வைத்திருந்த யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் 'எஸ்ஜி' என்பார்கள். அப்பாவிடம் மட்டும் உடனே பதில் வராது. "பன்னிக்குப் பின்னாடி என்ன இருக்கு, மொதல்ல அதச் சொல்லு" என்று திருப்பிக் கேட்பார்.

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகிற சாலையில், கொடைக்கானலுக்குப் பிரிகிற காட்ரோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வடக்கே மலை. அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் இலவ மரங்களும். கீழே மஞ்சளாற்றுத் தண்ணீர் பாய்கிற பக்கம் நெல்லும் கரும்பும். எங்கள் தோட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில், கரட்டை ஒட்டி இருந்தது. மழையை நம்பிக் கடலையும் சோளமும் போடுகிற நிலம். கடலை பிடித்து, மண்ணுக்குள் பால் கட்டுகிற நாளில் மலையிலிருந்து பன்னி இறங்கும். ஒரே ராத்திரியில் அரை ஏக்கரைக் கிளறிப் போட்டுவிட்டுப் போகும். தின்றது கொஞ்சம்தான் இருக்கும், புரட்டிப் போட்டதுதான் அதிகம். காலையில் போய்ப் பார்த்தால் ஏர் ஓட்டின மாதிரி கிடக்கும்.

அதற்காகத் தாத்தா 1950களில் வாங்கியது அந்த இரட்டைக்குழல் துப்பாக்கி. பர்மிங்காமில் செய்தது, 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை அளவாக இறங்குகிற குழல்தான் 12 போர் என்று அப்பா சொல்லித் தந்தார். லைசென்சு மதுரைக் கலெக்டர் ஆபீசில் கொடுத்தது. அப்போது தேனி தனி மாவட்டமாகப் பிரியவில்லை. 'பயிர்ப் பாதுகாப்பு, தற்காப்பு' என்று நோக்கம் எழுதியிருக்கும். எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்பதும் அதிலேயே இருக்கும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க அப்பா பஸ் ஏறிப் போவார். வரும்போது மதுரைத் துப்பாக்கிக் கடையில் தோட்டா வாங்கிவருவார். கடைக்காரர் எண்ணிக்கையை லைசென்சில் பதிந்து கையெழுத்துப் போட்டுத்தான் பெட்டியைக் கொடுப்பார்.

அந்தப் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவது என் வேலை. பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம் என்று அப்பத்தா முணுமுணுக்கும். அப்பா காதில் வாங்கமாட்டார். பூனாவுக்குப் பக்கத்தில் கட்கி என்கிற ஊரில் இருக்கும் அரசாங்கத் தொழிற்சாலையில் செய்த 'சக்திமான்' தோட்டாதான் எங்களுக்கு எப்போதும். 1869-ல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய ஆலை அது. அடியில் பித்தளைத் தொப்பி, மேலே காகிதக் கூடு, வாயை மூடிய அட்டையில் அச்சிட்ட எழுத்தோ எண்ணோ. எல்ஜி, எஸ்ஜி, ஏஏஏ, பிபி, பிறகு 4, 6 என்று போகும். வெள்ளைக்காரன் வைத்த கணக்கு இன்றைக்கும் மாறவில்லை. எண் ஏற ஏற ரவை பொடியாகும். ஒரு எஸ்ஜி தோட்டாவுக்குள் எட்டோ ஒன்பதோ ஈயக் குண்டுகள்தான் இருக்கும், ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். அதே எடை ஈயம் ஆறாம் நம்பரில் இருநூற்று எழுபது, எண்பது ரவையாக இருக்கும், ஒவ்வொன்றும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. மருந்து கிட்டத்தட்ட ஒன்றுதான். ஈயத்தை எப்படிப் பங்கு போடுகிறோம் என்பதில்தான் எல்லா வித்தியாசமும்.

பிரித்து அடுக்குவதற்கு முன் இன்னொரு வேலை உண்டு. பகல் வெளிச்சத்தில், முற்றத்தில், வேறு யாரும் இல்லாதபோது அப்பா குழலை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு ஒவ்வொரு தோட்டாவையும் போட்டு எடுத்துப் பார்ப்பார். ஐப்பசி மழைக்குக் காகிதக் கூடு ஈரம் குடித்து உப்பிவிடும். உப்பினது பாதியில் நின்றுபோகும். ராத்திரி, பரண்மேல், கைவிளக்கு வெளிச்சத்தில் அது தெரியவந்தால் ஆபத்து. நிற்கிறதை ஒதுக்கி வைத்துவிடுவார். பிறகு பிளாஸ்டிக் கூடு வந்தது. அந்தத் தொல்லை தீர்ந்தது, ஆனாலும் அவர் பழக்கத்தை விடவில்லை.

ஒருமுறை கேரளத்தில் எஸ்டேட் வைத்திருந்த சொந்தக்காரர் ஒருவர் முழுப் பெட்டி வெளிநாட்டுத் தோட்டாவைக் காட்டினார். பார்க்கவே மினுமினுவென்று இருந்தது. அப்பா பெட்டியைத் திருப்பி நீளத்தைப் படித்தார். 70 மில்லிமீட்டர். எங்கள் துப்பாக்கியின் குழலடியில் இரண்டரை அங்குலம் என்று பொறித்திருக்கும், அதாவது 65 மில்லிமீட்டர். ஒன்றைப் போட்டுக் காட்டினார் சொந்தக்காரர், கச்சிதமாக உள்ளே போனது. "போகுதில்ல மாப்ள, அப்பறம் என்ன?" என்றார். அப்பா சொன்ன விளக்கத்தை அன்றைக்கு நான் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை. தோட்டாவின் நீளம் என்பது மடித்து மூடிய நீளமல்ல, வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். குட்டையான அறைக்குள் நீளமானதைப் போட்டால் சும்மா உட்காரும். வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் குழலின் குறுகிய பகுதிக்குள் நீட்டிக்கொண்டு ஈயத்தின் வழியை நெருக்கும். அழுத்தம் எகிறும். பழைய குழல் தாங்காது. உள்ளே போவதாலேயே அது சரியான தோட்டா என்று ஆகிவிடாது. துப்பாக்கி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன். சொந்தக்காரருக்கு மனவருத்தம்தான். பெட்டி திரும்பிப் போனது.

வேட்டை என்பது எனக்குக் கேள்விப்பட்ட விஷயம் மட்டுமே. தாத்தா காலத்தில் கவுதாரிக்கு ஆறாம் நம்பர், முயலுக்கு நாலாம் நம்பர் என்று பேச்சு உண்டு. பறவைக்கு ரவை பொடியாக இருக்க வேண்டும். பறக்கிற சின்ன உடம்பில் நாலைந்து ரவையாவது பட்டால்தான் அங்கேயே விழும். பெரிய ரவை போட்டால் இடைவெளி வழியே தப்பிவிடும், அல்லது ஒன்று மட்டும் பட்டு எங்கேயோ புதரில் போய்ச் சாகும். முப்பத்தைந்து மீட்டருக்கு மேல் ஆறாம் நம்பரை நம்பக்கூடாது என்று தாத்தா சொல்வாராம். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு அப்பா ஒரு கவுதாரியைக்கூடத் தொடவில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படி நிறுத்திவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அப்பா நிறுத்தினார். சட்டத்துக்குப் பயந்து மட்டுமல்ல. கரட்டில் விடிகாலையில் கேட்கிற கவுதாரிச் சத்தம் ஒவ்வொரு வருஷமும் குறைந்துகொண்டே வந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. சட்டம் இன்னும் பத்து வருஷம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பன்னி வேறு விஷயம். அதைப் பற்றித்தான் வீட்டில் விவாதம் நடக்கும்.

கடா பன்னியின் தோள்பட்டைமேல் விரல் கனத்துக்கு மேல் தடித்த தோல் கவசம் இருக்கும். மற்ற கடாக்களோடு சண்டை போடும்போது அதைக் காப்பது. அதன்மேல் ஆறாம் நம்பர் போடுவது பாவம் என்பார் அப்பா. பொடி ரவை தோலுக்குள் தங்கும், சீழ் வைக்கும். காயம்பட்ட பன்னி ஓடைப் புதரில் படுத்துக் கிடக்கும், மறுநாள் விறகு பொறுக்கப் போகிற பொம்பளையின் தொடையைக் கிழிக்கும். எஸ்ஜிக்கும் ஒரு எல்லை உண்டு. எங்கள் துப்பாக்கியில் இருபத்தைந்து, முப்பது மீட்டருக்குள் என்றால்தான் குண்டுகள் ஒன்றாகப் போகும். அதைத் தாண்டினால் விரிந்து, ஒன்று பன்னிமேல், மிச்சம் எங்கேயோ. அந்த எங்கேயோதான் அப்பாவின் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். ஆறாம் நம்பர் ரவை இருநூறு மீட்டர் வாக்கில் செத்து விழுந்துவிடும். எஸ்ஜி குண்டு அறுநூறு மீட்டருக்கு மேலும் போகும். எங்கள் நிலத்திலிருந்து அறுநூறு மீட்டருக்குள் எத்தனை தோட்டத்து வீடுகள், எத்தனை பேர் வெளித்திண்ணையில் படுத்திருப்பவர்கள், எத்தனை பேர் ராத்திரியில் தண்ணி பாய்ச்ச மடை திருப்பிக்கொண்டிருப்பவர்கள்!

அதனால்தான் அவர் பரணை அவ்வளவு உயரத்தில் கட்டினார். ஊரில் மற்றவர்கள் பரண் கட்டுவது தாங்கள் பத்திரமாக இருக்க. அப்பா கட்டியது குண்டு மண்ணுக்குள் போக. மேலிருந்து கீழே பார்த்துச் சுட்டால், தப்பினாலும் பன்னியின் காலடி மண்தான் வாங்கும். தரையில் நின்று நேராகச் சுட்டால் தப்பினது எல்லாம் அடுத்தவன் நிலத்துக்கு. வலது குழலில் ஆறாம் நம்பர், இடது குழலில் எஸ்ஜி. அந்த மாதிரி பழைய துப்பாக்கிகளில் இடது குழல் வாயில் சற்றுக் குறுகியிருக்கும், ரவையைச் சேர்த்து வைத்துத் தள்ளும். முதல் விசை எப்போதும் வலதுக்கு, வானத்தைப் பார்த்து. சத்தத்துக்குத்தான். பெரும்பாலும் அதோடு கூட்டம் மலையைப் பார்த்து ஓடிவிடும்.

நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் அடம்பிடித்து அவரோடு பரண் ஏறினேன். காவலுக்கு இருந்த மாமா கீழே சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிலா தேய்ந்து, நடுச்சாமத்துக்கு மேல்தான் வந்தது. பன்னியை முதலில் காதுதான் கண்டுபிடிக்கும். கடலைச் செடியைப் பிடுங்குகிற சத்தம், பிறகு கொறிக்கிற சத்தம். தாயும் குட்டிகளுமாக ஒரு கூட்டம், சற்றுத் தள்ளித் தனியாக ஒரு பெரிய கடா. அது நடந்து நடந்து பரணுக்கு இருபது மீட்டருக்குள் வந்து பக்கவாட்டில் நின்றது. எனக்கே தெரிந்தது, இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அப்பா துப்பாக்கியைத் தோளில் வைத்தார், வைத்தபடியே இருந்தார். கடா மெல்ல வரப்பு மேட்டில் ஏறியது. அப்போது துப்பாக்கியை வானத்துக்குத் திருப்பி வலது குழலைச் சுட்டார். என் காதில் கொய்யென்று ஒரு சத்தம் வெகுநேரம் நின்றது. கூட்டம் போய்விட்டது.

மாமாவுக்குத் தாங்கவில்லை. "ஏ மாப்ள, கைக்குள்ள வந்து நின்னுச்சேய்யா! போட்டுருக்கலாம்ல?"

"மேட்டுல ஏறிருச்சு மாமா. அதுக்கு அங்கிட்டு வெளக்கு தெரிஞ்சுது."

பக்கத்துத் தோட்டத்தில் யாரோ அரிக்கேன் விளக்கோடு மோட்டார் ரூமுக்கு நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள். மாமாவும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பன்னியைப் பார்க்கிறவன் கண்ணுக்குப் பன்னி மட்டும்தான் தெரியும். அப்பா பார்த்துக்கொண்டிருந்தது பன்னியையும் அதற்கு அப்பால் இருந்ததையும் சேர்த்து. அந்தப் போகத்தில் எங்களுக்குக் கடலை பாதிகூடத் தேறவில்லை. அம்மா அதைச் சொல்லிக்காட்டினார்கள். அப்பா பதில் சொன்னதாக நினைவில்லை.

தற்காப்பு என்று லைசென்சில் எழுதியிருந்ததே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டத்து வீடு ஊரைவிட்டுத் தள்ளி இருந்தது. ஓட்டு வீடு, முன்னால் பலகைக் கதவு, உள்ளே தட்டி வைத்து மறைத்த பாகத்தில் அப்பத்தா படுக்கும். வீட்டுக்கு எந்தத் தோட்டா என்று ஒருநாள் பெரியப்பா கேட்டார். எல்ஜியும் எஸ்ஜியும் தலைமாட்டில் இருக்கணும், வர்றவன் பயப்படணும் என்பது அவர் கட்சி. அப்பா எழுந்துபோய் அந்தத் தட்டியைக் கையால் தட்டிக் காட்டினார். எஸ்ஜி இந்தப் பலகைக் கதவையும் துளைக்கும், தட்டியையும் துளைக்கும், அதற்கப்புறம் யார் மேல் படும் என்று கேட்டார். வீட்டுக்குள் சுடுகிற தூரம் நாலைந்து மீட்டர். அந்தத் தூரத்தில் பொடி ரவையும் அதிகம் விரியாது, கிட்டத்தட்ட ஒரே கட்டியாகத்தான் போகும். பொடி ரவைதானே, சும்மா காயம்தான் படும் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தூரத்தில் அதுவும் ஆளைக் கொல்லும். ஆனால் சுவரைத் தாண்டிப் பக்கத்து அறைக்குப் போகிற வேகம் அதற்குக் குறைவு. அதனால் வீட்டில் ஆறாம் நம்பர் மட்டும். அதுவும் துப்பாக்கிக்குள் இல்லை. துப்பாக்கி ஒரு அறையில் பூட்டில், தோட்டா இன்னொரு பெட்டியில் பூட்டில். சாவி அம்மா முந்தானையில்.

ஒரு கோடையில் திருடன் வந்தான். ஒருவனா, இரண்டு மூன்று பேரா தெரியாது. கிணற்று மோட்டாரில் செம்புக் காயில் இருக்கும், அதற்காக வருகிற கூட்டம் அப்போது சுற்றிக்கொண்டிருந்தது. நாய் குலைத்தது. அப்பா துப்பாக்கியை எடுத்துத் தோட்டாவைப் போட்டார். கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே சத்தம் போட்டார், ஜன்னல் வழியே டார்ச் அடித்தார். பெரியப்பா மகன் கதவைத் திறக்கப் போனான், அப்பா அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். விடிந்து பார்த்தால் மோட்டாரைப் பாதி கழற்றி, விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஊரில் சிலர் அதைப் பேடித்தனம் என்று பேசினார்கள். பலவருஷம் கழித்துச் சட்டம் படித்த பெண் ஒருத்தியிடம் கேட்டேன். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைச் சொல்பவை; 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 34 முதல் 44 வரை. தேவைக்கு மேல் ஒரு துளி தீங்கும் செய்யக்கூடாது என்பது அந்த உரிமையோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. அப்பா அந்தப் பக்கங்களைப் படித்தவரல்ல. கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவன் யாரென்று தெரியாமல் சுடமுடியாது என்பதும், ஒரு மோட்டாருக்கு ஒரு ஆள் ஈடாகாது என்பதும் அவருக்குப் படிக்காமலே தெரிந்திருந்தது.

தேர்தல் வந்தால் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். ஒப்படைத்து ரசீது வாங்கி வரவேண்டும், முடிவு வந்து நடத்தை விதி தளர்ந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். பிந்தைய வருஷங்களில் நாடாளுமன்றத் தேர்தல் பெரும்பாலும் மாங்காய் முற்றுகிற சித்திரை வைகாசியில்தான் வரும். அந்த நாள்களில் தகர டின்னும் தீவட்டியும்தான் காவல்.

லைசென்சு இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியில் சைக்கிள் பால்ரஸ் குண்டைப் போட்டார்கள். ஈயம் மெத்தென்றது, பாறையில் பட்டால் நசுங்கும். இரும்புக் குண்டு தெறித்துத் திரும்பும். எங்கள் கரடு முழுக்கப் பாறை. அதைவிடக் கொடுமை அவுட்டுக்காய். வெடிமருந்தைத் தீனிக்குள் பொதிந்து பன்னி வருகிற தடத்தில் வைப்பார்கள், கடித்தால் வாயோடு வெடிக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பசு மேயப்போன இடத்தில் அதைக் கடித்தது. தாடை தொங்க அது வீடு திரும்பி வாசலில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். 2020 மே மாதம் கேரளத்தில், பன்னிக்கு வைத்த வெடியைக் கடித்துக் கருவுற்ற யானை ஒன்று ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது உலகத்துக்கே தெரியும். மின்வேலி இன்னொன்று. பன்னிக்கு வைத்த கம்பியில் மனிதர்கள் செத்த செய்தி இல்லாத வருஷம் தமிழ்நாட்டில் உண்டா? இவை எல்லாவற்றிலும் ஒரே குறைதான் எனக்குத் தெரிகிறது. வைக்கிறவன் அங்கே இருப்பதில்லை. பார்த்து, பொறுத்து, வேண்டாமென்று விட்டுவிட அங்கே ஒருவரும் இல்லை.

அப்பா காலமானபின் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். 2016-ல் வந்த ஆயுத விதிகளின்படி வாரிசு விண்ணப்பிக்கலாம், நான் விண்ணப்பிக்கவில்லை. தம்பிக்கும் விருப்பமில்லை. மிச்சமிருந்த தோட்டாக்களையும் எண்ணி எழுதிக் கொடுத்தோம். அதில் எஸ்ஜி பெட்டி ஒன்று ஓரம்கூடக் கிழியாமல் இருந்தது.

மலை இப்போது சரணாலயம். 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பன்னியும் காட்டுமாடும் பெருகியிருக்கின்றன, சாகுபடி செய்கிறவர்களின் கோபமும் பெருகியிருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், பன்னியைச் சுட அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களிடமே கொடுத்தார்கள், லைசென்சு உள்ளவர்கள் சுடுகிறார்கள். தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு வழியை எடுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றைத் தாண்டினால் மட்டும் வனத்துறையினர் சுடலாம், விவசாயி சுடக்கூடாது. பொதுவில் இது சரியான ஆணை என்றே நினைக்கிறேன். துப்பாக்கி பழகாத கையில் எஸ்ஜி தோட்டா போய்ச் சேராமல் இது தடுக்கிறது. ஆனால் எங்களைப்போல அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு அதில் எதுவும் இல்லை. எங்கள் நிலம் முதல் கிலோமீட்டருக்குள் வருகிறது. சுடவேண்டாம், சரி. அப்படியானால் சூரியசக்தி வேலிக்கு மானியமும், அழிந்த பயிருக்குக் காலத்தில் நஷ்டஈடும் இந்த முதல் கிலோமீட்டருக்குத்தான் முதலில் வரவேண்டும். குறைதீர்க் கூட்டத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

போன மாதம் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி வந்தான். லைசென்சுக்கு மனுப் போடலாமென்று இருக்கிறான். "அக்கா, அப்பாரு வெச்சிருந்தாரே, என்ன தோட்டாக்கா நல்லது?" என்று கேட்டான். சட்டம் எது எதைத் தடுக்கிறது என்று முதலில் சொன்னேன். அவன் முகம் தொங்கியது. பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு போய் வரப்பைச் சுற்றி நடந்தேன். கிழக்கே மூன்று வீடு புதிதாக வந்திருக்கிறது, தெற்கே கோழிப்பண்ணை, அதில் வடநாட்டுப் பையன்கள் குடும்பத்தோடு தங்கியிருக்கிறார்கள். பரண் கட்டுவதானால் எங்கே கட்டவேண்டும், விளக்கை எந்தப் பக்கம் தொங்கவிட வேண்டும், தகரத்தை எங்கே கட்டினால் சத்தம் மலையைப் பார்த்துப் போகும் என்பதையெல்லாம் காட்டினேன். வடமேற்கு மூலையில் வேம்பை ஒட்டிக் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். மரக்கால் நான் தருகிறேன் என்றேன்.